தங்கச்சிக்காக எடுத்த படம்

வாசகர்களே, உங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் என்னென்ன படங்கள் மாட்டியிருக்கிறீர்கள்? சாமி படம் இருக்கும், தாத்தா பாட்டி படம் இருக்கும், பிள்ளை பட்டம் வாங்கிய படம் இருக்கும். என் தங்கச்சி வீட்டில் இவற்றோடு இன்னொரு படமும் தொங்குகிறது. முதல் தடவை வருகிறவர்கள் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, படம் கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. முக்கால் பாகம் கருநீல இருட்டு. கீழே செம்பனை மரங்களின் தலைகள். அவற்றுக்கு மேலே, சுண்ணாம்பு தொட்ட விரலால் யாரோ இழுத்துவிட்டது போல வெள்ளையாய் ஒரு தீற்று. ஓரத்தில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் முகம் தெரியாத நிழலாக நிற்கிறார்கள்.

அந்த வெள்ளைத் தீற்றுதான் 1997-ஆம் ஆண்டு வந்த ஹேல்-பாப் வால்வெள்ளி. அந்தப் பெண் என் தங்கச்சி. அந்த ஒரு படத்தை எடுக்க எனக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அதற்கு நீங்கள் என்னோடு 1965-க்கு வரவேண்டும். தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர். அந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. எனக்கு வயது பன்னிரண்டு, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம் எங்கள் லயத்துக்குக் கிழக்கே இருந்த கிழட்டுப் பால்மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டு, செம்பனை நடுவதற்காக நிலத்தை வெறுமையாகப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வானம் என்பது மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் துண்டு துணிதான். அந்த வருஷம் மட்டும் எங்களுக்குக் கிழக்கு வானம் முழுசாகக் கிடைத்தது.

தீபாவளி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். அப்பாவுக்கு இருமல். இரண்டு வருஷமாகவே இருந்த இருமல் அது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விடியற்காலை நாலரை மணி இருக்கும், பெரட்டு மணி அடிக்கவில்லை. தண்ணீர் பிடிக்க வாளியோடு வெளியே வந்தேன். கிழக்கே, சற்றுத் தெற்குப் பக்கம் சாய்ந்தாற்போல, தரையிலிருந்து வானத்துக்கு வெள்ளையாய் ஒரு தூண் நின்றது.

அது இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த காலம். ராணுவத்தார் வானத்தில் அடித்துப் பார்க்கும் விளக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வெளிச்சம் அசையவில்லை. நுனி அகலமாய், அடி குறுகலாய், ஓசையில்லாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் அடியில் பிரகாசமான ஒரு தலை, அடிவானத்திலிருந்து மெல்ல மேலே வந்தது. தலை வருமுன்பே வால் வந்துவிட்டது. பெரட்டுக்குப் போனவர்கள் அரிக்கன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். பெயர் கூப்பிட வேண்டிய மண்டோரும் நின்றார்.

பாட்டி வாசலுக்கு வந்து ஒரு தரம் பார்த்தார். "தூமகேதுடா! பாக்காத, உள்ள வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். ஊரில் அவர் சிறு பெண்ணாக இருந்தபோது 1910-ல் ஹேலி வால்வெள்ளி வந்தது. அந்த மே மாதத்திலேயே ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்துபோனார். அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த தலைமுறை அது. தோட்டத்துப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிங்கப்பூர் பிரிந்ததற்கும் இதுதான் காரணம் என்றார் ஒருவர். சிங்கப்பூர் பிரிந்தது ஆகஸ்டு 9-ஆம் தேதி, வால்வெள்ளி தெரிந்தது அக்டோபரில். காரியம் முடிந்த பிறகு வந்த காரணத்தை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்! மளிகைக்கடைச் சீனத் தவுக்கே, அவர்கள் மொழியில் அதற்குத் துடைப்ப நட்சத்திரம் என்று பெயர், துக்கிரி பிடித்த பெண்ணையும் அப்படித்தான் திட்டுவோம் என்றார். மலாய்க்காரர்கள் 'பிந்தாங் பெர்எக்கோர்' என்பார்கள், வாலுள்ள நட்சத்திரம் என்று பொருள். மூன்றில் அதுதான் யாரையும் குற்றம் சொல்லாத பெயர்.

மூன்றாம் நாள் விடியற்காலையில், அந்தத் தூண் வானத்தில் நிற்கும்போதே, என் தங்கச்சி பிறந்தாள். மருத்துவச்சி வெளியே வந்து, "பொம்பளப் புள்ள" என்றார். பாட்டி கிழக்கே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்பா அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குள் தோட்டம் முழுதும் குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் பிறப்புச் சான்றிதழில் இருந்தது. லயத்தில் அவள் 'வால்வெள்ளி'.

பள்ளியில் எங்கள் வாத்தியார் மட்டும் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மேசைமேல் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்து, அதுதான் சூரியன் என்றார். ஒரு எலுமிச்சம்பழத்தில் நூல் கற்றையைக் கட்டி விளக்கைச் சுற்றி நடந்தார். "வால் என்றால் மாட்டு வால் மாதிரி எப்போதும் பின்னால் வராது. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீளும். கிட்டே வரும்போது வால் பின்னால், திரும்பிப் போகும்போது வால் முன்னால்" என்று சொல்லி, நூலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து காட்டினார். நாங்கள் சிரித்தோம். அது பனிக்கட்டியும் தூசியும் கலந்த உருண்டை, சூரியச் சூட்டில் ஆவியாகிப் புகைகிறது, அந்தப் புகையைச் சூரியனிலிருந்து வரும் ஒளியும் காற்றும் தள்ளுகின்றன என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

அந்த வால்வெள்ளிக்கு இக்கேயா-செக்கி என்று பெயர். 1965 செப்டம்பரில் ஒரே விடியற்காலையில், சில நிமிட இடைவெளியில், ஜப்பானில் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். செக்கி கித்தார் சொல்லிக்கொடுப்பவர். இக்கேயா யார் தெரியுமா? பியானோ செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த 21 வயது இளைஞர். தானே கையால் செய்த தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் வானத்தைத் தேடியவர். பெரட்டுக்கு எழுந்து போகும் நம்மவர்களைப் போல அவரும் இருட்டோடு எழுந்த தொழிலாளிதான். அக்டோபர் 21-ஆம் தேதி அந்த வால்வெள்ளி சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிப் போயிற்று. நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு கிட்டே போனதால் அதன் தலையே பிளந்துவிட்டது. அன்றைக்குப் பட்டப்பகலில், சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். (நீங்கள் யாரும் சூரியன் பக்கம் அப்படித் தேடிப் பார்க்கவேண்டாம். கண் போய்விடும்.)

எங்கள் தோட்டத்துக் கிராணியாரிடம் மடக்குக் காமிரா ஒன்று இருந்தது. படம் எடுங்கள் ஐயா என்று அவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றேன். "ராத்திரியில படம் விழாதுடா" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். ஒரு விடியற்காலை வந்து, கையில் பிடித்தபடியே இரண்டு முறை தட்டினார். ஒன்றும் விழவில்லை. கல்யாண வீட்டுப் படத்துக்குத் திறப்பதுபோல் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் அந்த வெளிச்சம் எப்படிப் பதியும்? வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் காமிராவை வைத்து, பத்து இருபது நொடி திறந்து வைத்திருக்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

1966-ல் தைப்பொங்கலுக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். காசநோய். இரண்டு வருஷத்து இருமல் என்று சொன்னேன் அல்லவா? அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டரை மாதக் குழந்தையைத்தான் கணக்கில் எடுத்தார்கள்.

ஊரை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 1973-ல் எனக்கு இருபது வயது, பால்வெட்டில் இருந்தேன். சேர்த்து வைத்த காசில் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அவளுக்கு எட்டு வயது. ஆசையாய் ஓட்டிப் பார்க்கப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். முன்சக்கரம் கோணிப்போயிற்று. "அப்பன முழுங்குன வால்வெள்ளிதான நீ" என்று கத்தினேன். அவள் அழவில்லை. சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடித்திருந்தால் ஒரு நாளில் மறந்திருக்கும். அதற்குப் பிறகு இருட்டின பின் அவள் வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

1986-ல் ஹேலி வந்தது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அப்போது அவள் மின்னியல் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பிறந்த தேதியைக் கேட்டு, விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். அந்த ஏப்ரலில் இரவல் பைனாகுலரோடு கடற்கரைக்குப் புறப்பட்ட நான் அவளையும் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குண்ணே அது? வீட்டுலதான் ஒண்ணு இருக்கே" என்றாள்.

அன்று ஹேலியும் ஏமாற்றிவிட்டது. தென்வானத்தில் பிய்த்துப்போட்ட பஞ்சு போல ஒரு மங்கல், அவ்வளவுதான். சூரியனை நெருங்கிய நாளில் அது சூரியனுக்கு அந்தப் பக்கமும் நாம் இந்தப் பக்கமும் இருந்துவிட்டோம். ஆனால் அதற்கு முந்திய மாதம், மார்ச் 14-ஆம் தேதி, ஐரோப்பியர்கள் அனுப்பிய ஜோட்டோ என்ற விண்கலம் அதன் அருகே, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரத்தில், கடந்து போய்ப் படம் எடுத்தது. ஊரையெல்லாம் பயமுறுத்திய தூமகேதுவின் உண்மையான உடம்பு 15 கிலோமீட்டர் நீளம், நிறம் கரி. அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அவளிடம் காட்டினேன். "உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு" என்றாள். சரி, இவள் கொஞ்சம் பார்த்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

1988-ல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர். இந்த விஷயத்தை யாரோ அவர் காதில் ஓதியபோது, "நான் பொறந்த அன்னைக்கு எங்கப்பா மாடு ரெண்டும் தொலைஞ்சு போச்சு, அப்ப எனக்கு என்ன பேரு வைக்கிறது?" என்று கேட்டாராம். அவர்மேல் எனக்கு இன்றுவரை தனி மரியாதை.

இனி 1997-க்கு வருகிறேன். ஹேல்-பாப் வால்வெள்ளியை 1995 ஜூலையில் அமெரிக்காவில் இருவர் கண்டார்கள். அதில் பாப் என்பவர் கட்டடச் சாமான் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். சொந்தமாய்த் தொலைநோக்கிகூட இல்லாமல் நண்பருடையதில் பார்த்துக் கண்டுபிடித்தார். ஹேலியைவிடப் பல மடங்கு பெரியது. ஏறக்குறைய பதினெட்டு மாதம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நம் நாட்டில் ஏப்ரல் மாதத்தில், பொழுது சாய்ந்த பின், வடமேற்கே தாழ்வாகத் தெரிந்தது. நிலவு தொந்தரவு இல்லாத நாளாகப் பார்த்து, மே தினத்துக்கு முந்திய மாலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மறுநாள் விடுமுறை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அவர்கள் தாமானுக்குப் பின்னால் மேற்கே திறந்த வெளியும் அதற்கப்பால் செம்பனையும் இருந்தன.

என்னிடம் பழைய பென்டாக்ஸ் கே-1000 காமிரா இருந்தது. இரண்டாம் கையாய் வாங்கியது. எல்லாம் கையால் திருப்ப வேண்டிய இயந்திரம், பேட்டரி செத்தாலும் கதவு திறக்கும். இரவுப் படத்துக்கு அதுதான் வசதி. 400 வேகமுள்ள கலர் பிலிம் போட்டேன். முக்காலியில் ஏற்றி, லென்சை முழுசாகத் திறந்து, தூரத்தைக் கடைசிக் கோட்டில் வைத்தேன். விரலால் அழுத்தினால் காமிரா ஆடும் என்பதற்காகக் கேபிள் ஒன்றும் மாட்டினேன். எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதில்தான் சூட்சுமம். குறைவாகத் திறந்தால் கிராணியாரின் கதி. அதிகம் திறந்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். பூமி சுற்றுகிறதே! 24 மணிக்கு ஒரு முழுச்சுற்று என்றால் ஒரு மணிக்கு 15 பாகை வானம் நகர்கிறது. என்னுடைய சாதாரண லென்சுக்குப் பதினைந்து நொடிக்கு மேல் போனால் நகர்வு தெரிய ஆரம்பிக்கும். ஐந்து, பத்து, பதினைந்து, இருபத்தைந்து என்று மாற்றி மாற்றி எடுப்பதென்று முடிவு செய்தேன்.

மணி எட்டு. மேற்கில் செம்மை போய் நீலம் கறுத்தது. முதலில் கண்டவள் தங்கச்சியின் ஏழு வயது மகள்தான். "மாமா, அங்க!" என்று கத்திவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். என்ன சொல்லி இழுத்தாளோ, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே தங்கச்சி பின்கதவு வழியாக வந்தாள். சின்னவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மரத்தலைகளுக்கு மேலே, வாலை மேல்நோக்கி விரித்துக்கொண்டு, அது நின்றது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்தது இதாண்ணே?"

"இல்லம்மா. அது வேற. அது திரும்பி வர இன்னும் பல நூறு வருஷம் ஆகும். வால் இதவிட ரொம்பப் பெரிசு. வானத்துல தூண் நட்ட மாதிரி நின்னுச்சு."

"அப்பா பாத்தாரா?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு முப்பத்திரண்டு வருஷமாக என்னிடம் பதில் இருந்தது. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மருத்துவச்சி வந்து சொன்ன அந்த விடியற்காலையில், அப்பா இருமிக்கொண்டே வாசலில் நின்று கிழக்கே பார்த்தார். பிறகு என்னிடம், "எம்புள்ள வர்ற வழிக்கு யாரு இவ்வளவு பெரிய விளக்கு வச்சாங்க, பாருடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்து, பாட்டி கத்தக் கத்த, ஒரு நிமிஷம் அந்த வெளிச்சத்தில் காட்டினார். அப்பா போன பிறகு வீட்டில் பேசக்கூடாத பேச்சாக அது ஆகிவிட்டது. பேசியிருக்க வேண்டியவன் நான்தான்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். சைக்கிள் கவிழ்ந்த அன்று சொன்ன சொல்லுக்கும் சேர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "படத்த எடுண்ணே, போயிரப் போகுது" என்றாள்.

அவளையும் பிள்ளைகளையும் ஓரமாய் நிற்க வைத்து, "நான் சொல்ற வரைக்கும் ஆடக்கூடாது" என்றேன். ஒன்று, இரண்டு என்று நான் எண்ண, சின்னவன் மூச்சைப் பிடித்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். பதினைந்து எண்ணி முடித்ததும் புஸ்ஸென்று விட்டான். இருபத்தைந்து நொடிப் படத்தில் அவன் இரண்டு தலையோடு இருக்கிறான்! பதினைந்துதான் சரியாக வந்தது.

வந்தது என்று எனக்குத் தெரிவதற்குள் அந்தப் படம் குப்பைக்குப் போகப் பார்த்தது. பட்டணத்தில் பிலிம் கழுவும் கடைக்காரத் தம்பி, "அங்கிள், பதினோரு படந்தான் விழுந்திருக்கு, மத்ததெல்லாம் காலி" என்று, பகலில் எடுத்த படங்களை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். இருட்டுப் படம் நெகட்டிவில் வெறும் கண்ணாடியாகத்தான் தெரியும். அவர் நெகட்டிவைத் துண்டு போடுமுன் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். கண்ணாடி போன்ற பரப்பில் மெல்லிய கறுப்புக் கீறல் ஒன்று. நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பல்லவா? "இத பிரிண்ட் போடுங்க தம்பி" என்றேன். முதல் பிரிண்ட் சாம்பலாய் வெளுத்து வந்தது, இயந்திரம் இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்திருக்கிறது. இன்னும் கறுப்பாய், இன்னும் கறுப்பாய் என்று மூன்றாம் தடவை போட்டதுதான் இன்று சுவரில் தொங்குவது. பிலிம் காலம் போய்விட்டது. ஆனாலும் யார் வீட்டிலாவது பழைய நெகட்டிவ் இருந்தால், காலி என்று எறியுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தங்கச்சி அந்தப் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் மாட்டினாள்.

2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லாஸ் என்று வாயில் நுழையாத பெயரோடு இன்னொன்று வந்தது. மழைக்காலம், நாலு நாளாக மேற்கே ஒரே மேகம். நான் வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணிக்குச் சற்று முன் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணே, மேகம் வெலகியிருக்கு, சீக்கிரம் வா!" எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு இன்னும் சில நாளில் ஐம்பத்தொன்பது. பேரன் ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் முக்காலி போட்டு, பேரப்பிள்ளையின் கைப்பேசியை அதில் மாட்டி, வாசலில் தயாராக நின்றாள். நான் பையிலிருந்து பழைய பென்டாக்சை எடுக்கப் போனேன்.

"அத உள்ள வைண்ணே" என்றாள். "இந்தத் தடவ நீ போயி அங்க நில்லு. ஆடாத. நான் எண்ணுறேன்."